சின்ன எழுத்தில் இருந்தது

8-2-99, திங்கள்

மாசி பிறக்கவில்லை, அதற்குள் வெயில். பத்து மணிக்கே ஸ்டோர் அறைத் தகரம் சுடுகிறது. இன்று காலாவதி மருந்து பிரிக்கும் வேலை. இருமல் சிரப் இரண்டு பெட்டி, கண் சொட்டு ஒரு பெட்டி, குளுக்கோஸ் பாட்டில் நாலு. தனியாக எடுத்து வைத்து, நோட்டில் எழுதி, கையெழுத்து. தும்மல் நிற்கவில்லை.

மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஒரு மாதம் சும்மா கிடந்தது. வீட்டில் வைத்து எழுத முடியாது. இங்கே, நான் மருந்து கொடுக்கும் தொழிலாளர் டிஸ்பென்சரியில், மத்தியானம் சாத்தியிருக்கும் ஒன்றரை மணி நேரத்தில். எழுதி முடித்ததும் டிராயரில் போட்டுப் பூட்டு.

வீட்டு நிலவரம்: அவர் தானாக எழுந்து சவரம் செய்தார். பேப்பரைச் சத்தமாகப் படித்தார். மீனாவிடம் கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்டார். (மீனா பத்தாம் வகுப்பு. இன்னும் இரண்டு மாதத்தில் பரீட்சை.) அவள் என்னைப் பார்த்தாள். அப்பா கேள்வி கேட்டு நாலு மாதம் ஆகிறதே.

ஐப்பசியில் அவருடைய பட்டறையை மூடியது. பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பன்னிரண்டு வருஷம் லேத் ஓட்டியவர். மில்லுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தார். மில் நின்றது, ஆர்டர் நின்றது, லேத்தை லாரியில் ஏற்றிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குளிப்பதில்லை. எதைக் கேட்டாலும் "எதுக்கு?" அந்த ஒரு வார்த்தைதான். மார்கழி ஆரம்பத்தில் பாளையங்கோட்டை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஃப்ளுவாக்ஸெடின் 20 மி.கி., காலையில் ஒன்று. பாதி பச்சை, பாதி மஞ்சள். நாலு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, "இட்லிக்கு என்ன தொட்டுக்கிட?" என்றார். அடுப்படியில் நின்று அழுதேன். சட்னி உப்பாகிவிட்டது.

கேஸ் புக் பண்ண வேண்டும். குழாய்க்கு வாஷர்.


11-2, வியாழன்

கவுண்டரில் ஒரு அம்மா, மாப்பிள்ளைக்கு இதே மருந்து வாங்க வந்தவள். "ஏம்மா, இத முழுங்குனா எப்படிம்மா மனசு சரியாவும்? மனசு என்ன வயித்துலயா இருக்கு?"

நல்ல கேள்வி. வழக்கமான பதிலைச் சொன்னேன். மூளையில் ஒரு நரம்பும் அடுத்த நரம்பும் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. நடுவே மயிரிழை இடைவெளி. ஒரு நரம்பு செரட்டோனின் என்ற சாரத்தை அந்த இடைவெளியில் விடும், அடுத்த நரம்பு அதைப் பிடித்துக்கொண்டு சேதியைக் கடத்தும். விட்ட நரம்பே மிச்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் அந்த வாயை இந்த மருந்து அடைக்கிறது. சாரம் இடைவெளியில் கூட நேரம் நிற்கும். ஆனால் உடனே சந்தோஷம் வந்துவிடாது. நரம்புகள் அதற்குப் பழகிக்கொள்ள நாலு வாரம், ஆறு வாரம். அதுவரை பொறுக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது.

"நாலு வாரம் அவம் பொறுப்பானோ என்னமோ, நான் பொறுக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. அவரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், கடைசிப் பத்தியில், எறும்பு மாதிரி எழுத்தில் இருக்கும். இதே சாரம் தண்டுவடத்தில் கூடினால் கீழே அடங்கிப் போகும். ஆசை குறையும். ஆணுக்கு எழும்புவது சிரமம், முடிவது அதைவிடச் சிரமம். எல்லாருக்கும் வராது. வந்தால் மருந்தை நிறுத்தியதும் போய்விடும்.

மார்கழியில் முதல் பெட்டியை அவர் கையில் கொடுக்குமுன் அந்தத் தாளை உருவி, நாலாக மடித்து, டிஸ்பென்சரிக் குப்பைக் கூடையில் போட்டேன். தெரிந்தால் மாத்திரையைத் தொடமாட்டார் என்ற பயம்.

வந்தது. ஞாயிறு மத்தியானம் மீனா டியூஷன் போகும் நேரம்தான் எங்களுக்கு. தையிலிருந்து நாலு ஞாயிறு. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "உஷ்ணம்" என்பார். போன ஞாயிறு அதுவும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகைத் தடவினேன். "தூக்கம் வருது கோமதி."

நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. பதினேழு வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்லபடி இருந்தபோதே பேசியதில்லை. இப்போது எந்த வார்த்தையை வைத்து ஆரம்பிக்க?


22-2, திங்கள்

நேற்று டியூஷன் நேரத்தில் அவர் வீட்டில் இல்லை. மைதீன் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விட்டார். ஒருவகையில் நிம்மதி. எனக்கு அப்படி ஒரு நிம்மதி வருவதே வெட்கமாக இருந்தது.

மைதீன் அண்ணாச்சி வேறொரு மில்லில் ஃபிட்டர். ஐ.டி.ஐ. காலத்திலிருந்து இரண்டு பேரும் சோடி. மீனா அப்பா படுத்திருந்த நாட்களில் வாரம் தவறாமல் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, பதில் வராத ஆளிடம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனவர். "அவம் கேக்கானோ இல்லியோ மைனி, நான் பேசிட்டுப் போறேன்."

கை வலி. இன்று நூற்றுச் சொச்சம் சீட்டு. எல்லாம் சளிக் காய்ச்சல்.


8-3, திங்கள்

நேற்று நடந்தது. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

முடிந்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தோம். மேலே ஃபேன் கிரீச்சிட்டது. "ஒரு சொட்டு எண்ணெய் விட்டாச் சரியாப் போவும்" என்றார். ஏணி போட்டு ஏறி எண்ணெய் விட்டார். மீனா வந்து, "என்னப்பா இந்த வெயில்ல?" என்றாள்.

காலையில் வழியெல்லாம் நல்ல காற்று. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம். கவுண்டரில் ஒருத்தர் மேலும் எரிந்து விழவில்லை. எங்கள் டிஸ்பென்சரி டாக்டர் அம்மாகூடக் கேட்டார்கள்: "என்ன கோமதி, விசேஷமா?"

எப்படித் திடீரென்று சரியாயிற்று? மருந்துக்கு உடம்பு பழகிவிட்டதோ. சிலருக்கு அப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். சரி. தோண்ட வேண்டாம்.


18-3, வியாழன்

சரியில்லை.

மூன்று நாளாகச் சவரம் இல்லை. விடியுமுன்பே விழித்துவிடுகிறார், ஆனால் எழுந்து வருவதில்லை. நேற்று தட்டில் தோசை அப்படியே. மீனா ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துக் கேட்டதற்கு, "அம்மாட்ட வாங்கு" என்றார். காலையில் நான் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று பைய சொன்னார்:

"நான் இல்லாட்டி உனக்கு லேசா இருக்கும்லா."

"என்ன பேச்சு இது?"

"சும்மா சொன்னேன்."

சும்மா சொல்கிற பேச்சில்லை. கார்த்திகையிலும் இதையேதான் சொன்னார்.

மாத்திரை தினமும் நான்தான் காப்பியோடு கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறார். பிறகு ஏன்?

பஸ் வரவில்லை. பேட்டை ரோட்டில் பாதி தூரம் நடந்தேன். செருப்பு வார் அறுந்தது. ஊக்கு.


22-3, திங்கள்

நேற்று கண்டுபிடித்தேன். பட்டறையிலிருந்து கொண்டு வந்த ஸ்க்ரூ டப்பாக்கள் பரணில் இருக்கின்றன. தண்ணீர் மோட்டாருக்கு ஒரு நட்டு தேவைப்பட்டது. இரண்டாவது டப்பாவைத் திறந்தேன். உள்ளே பச்சையும் மஞ்சளுமாக. வெக்கையில் இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரு கட்டியாக. பிரித்து எண்ணினேன். முப்பத்தைந்து.

அப்படியானால் மாசி முதல் வாரத்திலேயே நிறுத்தியிருக்கிறார். காப்பியோடு கையில் வாங்கி, வாயில் போடுவது மாதிரி காட்டி, பிறகு டப்பாவில்.

இந்த மருந்து உடம்பை விட்டுப் போக நாளாகும். நிறுத்தினாலும் வாரக்கணக்கில் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மூன்று வாரம் முகம் நன்றாகவே இருந்தது. கீழே அடங்கியதும் சரியானது. நல்லதும் கெட்டதும் ஒன்றாக வடிந்து, இப்போது நல்லது தீர்ந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அர்த்தம் இதுதான். நான் மருந்தாளுநர். பதினெட்டு வருஷ சர்வீஸ். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துகொள்ள மனசில்லை.

கேட்டேனா? இல்லை. டப்பாவை மூடி அதே இடத்தில் வைத்தேன். இன்று காலையும் காப்பியோடு ஒன்று கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் நன்றாக நடிக்கிறோம்.


24-3, புதன்

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும்.

பதினோரு மணிக்கு அடுத்த வீட்டு டீச்சர் போன் செய்தார்கள். "கோமதி, அண்ணாச்சி சாவியை எங்கிட்ட குடுத்துட்டுப் போனாவ. எப்ப வருவியன்னு கேட்டேன், பதில் சொல்லலை. மொகமே சரியில்ல. அதான் கூப்பிட்டேன்."

எங்கே போனார்? எத்தனை மணிக்கு? எட்டரைக்காம்.

மில்லுக்குப் போன் போட்டு மைதீன் அண்ணாச்சியைக் கூப்பிடச் சொன்னேன். வர ஐந்து நிமிஷம். விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "முக்கூடலாத்தான் இருக்கும் மைனி. சின்ன வயசுல அவுக அப்பாட்ட அடி வாங்குனா அங்கன ஆத்தங்கரைக்குத்தான் போவானாம், சொல்லியிருக்கான். நீங்க எடத்த விட்டு அசையாதிய. நான் மொபெட்ட எடுத்துட்டுப் போறேன்." முக்கூடல் அவர் சொந்த ஊர். இப்போது அங்கே யாரும் இல்லை.

பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை கவுண்டரில் நின்று மாத்திரை கொடுத்தேன். பாராசிட்டமால் மூன்று வேளை. இரும்புச் சத்து ராத்திரி. பூச்சி மருந்து ஒரே வேளை. "அக்கா, ரெண்டு தடவ எண்ணுதிய" என்று ஒரு பெண் சிரித்தாள். போன் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நானே ஓடிப் போய் எடுத்தேன்.

ஒன்று நாற்பதுக்கு அண்ணாச்சி குரல். "ஆளு இருக்கான் மைனி. பக்கத்துலதான் நிக்கான். டீ குடிக்கோம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி தனியாக என்னிடம் சொன்னார்: "படித்தொறைல கடைசிப் படில உக்காந்திருந்தான். செருப்பக் கழத்தி, வாட்ச்சையும் கழத்தி மேல் படில வச்சிருந்தான். அதப் பாத்ததும் எனக்கு நெஞ்சு அடச்சுட்டு. என் நெஞ்சுவலி மாத்திரைய நாக்குக்கடில போட்டுட்டுத்தான் எறங்குனேன். தோள்ல கை வச்சேன். 'தண்ணி ரொம்பக் கம்மியா ஓடுதுலே'ன்னான். அவ்வளவுதான். பெறகு அழுதான்."

அவர் வந்து படுத்துவிட்டார். மீனாவிடம் அப்பாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.


25-3, வியாழன்

லீவு போட்டிருக்க வேண்டும். டாக்டர் அம்மா ஊரில் இல்லை, கவுண்டருக்கு ஆள் இல்லை. அடுத்த வீட்டு டீச்சர் அரை நாள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார்கள். பாளையங்கோட்டை டாக்டர் வெளியூரில். செவ்வாய்தான் வருவாராம். அதுவரை அவரைத் தனியாக விடக் கூடாது என்று அவருடைய உதவி டாக்டர் போனில் சொன்னார். மறுபடியும் அதே மாத்திரையைத் தொடங்கலாமா என்றேன். பார்க்காமல் வேண்டாம் என்றார்.

மத்தியானம் கதவு சாத்தப் போகும் நேரம் மைதீன் அண்ணாச்சி, தன் நெஞ்சுவலி மாத்திரை வாங்க. இரண்டு வருஷமாக வாங்குகிறார். ஐசோசார்பைடு. வலி வந்தால் நாக்குக்கடியில் ஒன்று, அது போக வேளைக்கு ஒன்று. பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மைனி, ஒரு விஷயம். யாரும் இல்லல்லா?"

பெஞ்சில் ஒரு கிழவர் மட்டும், நல்ல தூக்கம்.

"தப்பா நினைக்கப்படாது. சம்முவம் நேத்து ஆத்தங்கரைல எங்கிட்டச் சொல்லிட்டான். 'அந்த மாத்திர என் ஆம்பளத்தனத்த எடுத்துட்டுலே, அதான் நிறுத்திட்டேன்'னான். 'அவ மொகத்தப் பாக்க முடியல'ன்னான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை எடைத் தராசு மேல்.

"தம்பி துபாய்லருந்து பெருநாளைக்கு வந்திருக்கான். அங்கன புது மாத்திர ஒண்ணு வந்திருக்கு. நீலக் கலரு. போன வருசம் பேப்பர்லகூடப் போட்டானே, அதான். நாலு குடுத்தான். சம்முவத்துக்கு ரெண்டு குடுங்க மைனி. நீங்க குடுத்தாத்தான் முழுங்குவான்." சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். பிறகு கொஞ்சம் சிரித்து, "மிச்சம் ரெண்டு நமக்கு. வயசு அம்பத்தொண்ணு ஆவுதுல்லா."

என் கையில் அவருடைய நெஞ்சுவலி மாத்திரைப் பொட்டலம். கூடப் பிறந்தவர் மாதிரி பழகுகிறவர். அவரிடம் எப்படி இதை? ஆனால் அட்டை அவர் கையில். இன்று ராத்திரியே முழுங்கிவிட்டால்?

"அண்ணாச்சி, நீங்க இதத் தொடவே கூடாது. தொட்டா உசுரு போயிரும்."

சிரிப்பு நின்றது.

சொன்னேன். தரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே சொன்னேன். ஆசை வரும்போது அந்த இடத்து நரம்பு ஒரு வாயுவை விடும். அதனால் ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து, ரத்தம் நிறைந்து, எழும்பும். தளர்த்துகிற சேதியை உடம்பே கொஞ்ச நேரத்தில் அழித்துவிடும். அழிக்கிற பொருளை இந்த நீல மாத்திரை நாலைந்து மணி நேரம் கட்டிப்போடுகிறது, அவ்வளவே. நெஞ்சுவலி மாத்திரையும் அதே வாயுவைத்தான் உண்டாக்குகிறது, ஆனால் உடம்பு முழுக்க. ஒன்று திறக்கும், இன்னொன்று மூடவே விடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கமாட்டார். நெஞ்சு வலிக்கிறதே என்று பழக்கத்தில் இன்னொன்றை நாக்கடியில் வைத்தால் முடிந்தது.

"யா அல்லா. இன்னைக்கு முழுங்கலாம்னுதான் மைனி இருந்தேன்."

அட்டையைக் கவுண்டரில் வைத்து என் பக்கம் தள்ளினார். நாலும் இருந்தன. தம்பிக்கும் சொல்லுங்கள், யாருக்கும் சும்மா கொடுக்கக் கூடாது என்றேன். தலையாட்டினார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"இத உங்க வாயால சொல்ல எம்புட்டுச் சங்கடமா இருந்திருக்கும். என் ஹயாத்த, ஆயுச, நீட்டிக் குடுத்திய."

போன பிறகு அட்டையை டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஊரார் வீட்டு ஆம்பிளையிடம் இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்ல முடிந்திருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் மூன்று மாதமாக முடியவில்லை.


27-3, சனி

இதை வீட்டில் எழுதுகிறேன். ஒளிக்கவில்லை. அவர் பின்கட்டில் இருக்கிறார். மீனா அடுத்த வீட்டில் டீச்சரிடம் சமூகவியல் படிக்கிறாள்.

மத்தியானம் வந்ததும் சாப்பாட்டு மேசையில் மூன்றையும் வைத்தேன்: ஸ்க்ரூ டப்பா, நீல மாத்திரை அட்டை, ஒரு வெள்ளைத் தாள். அவர் டப்பாவைப் பார்த்ததும் எழுந்தார்.

"உக்காருங்க. நான் திட்டப் போறதில்ல."

உட்கார்ந்தார். தாளில் இரண்டு நரம்பு வரைந்தேன், நடுவில் இடைவெளி. சொல்லச் சொல்ல முதலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறிஞ்சும் வாய் வந்ததும் விரலை வைத்தார்.

"இது ரிட்டர்ன் லைன். மாத்திரை இங்கன அடைக்குது."

"ஆமா."

"அப்ப லைன்ல பிரஷர் நிக்கும்."

"ஆமா. ஆனா அதே லைன்தான் முதுகுத்தண்டு வழியா கீழயும் போகுது. அங்க பிரஷர் கூடுனா..." நிறுத்தினேன். பிறகு சொன்னேன். பெயர் சொல்லியே சொன்னேன், பாடப் புத்தகத்தில் இருக்கிற வார்த்தையில். "அது உங்க கோளாறு இல்ல. மருந்தோட வேலை. நிறுத்துனாப் போயிரும்னு நீங்களே பாத்துட்டிய. ஆனா நிறுத்துனா மத்தது வந்திரும். அதையும் புதன்கிழமை பாத்துட்டோம்."

நீல மாத்திரையையும் சொன்னேன். அது ஆசையை உண்டாக்காது. மனசில் கிளம்புவதற்கு வழி விடும், அவ்வளவுதான். மனசு படுத்துக் கிடந்தால் அதை முழுங்கியும் பயன் இல்லை.

தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பஸ்ஸில் இரண்டு பொய் யோசித்து வைத்திருந்தேன்.

"மொதல் நாளே தெரியும். பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சு. நான்தான் எடுத்துப் போட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீங்க மாத்திரையத் தொடமாட்டியன்னு பயந்தேன்."

"சொல்லாமலும் தொடலையே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"தை மாசத்துலருந்து எனக்கு என்ன ஆச்சுன்னு நான் கெடந்து தவிக்கேன். பட்டறை போச்சு, அதோட இதுவும் போச்சு, இனி எதுக்குன்னு. நீ பக்கத்துல படுத்துக்கிட்டு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்க."

சொல்ல இருந்த நியாயம் எல்லாம் நியாயம் மாதிரியே படவில்லை. அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அங்கேயேதான் இருக்கிறார். பார்வையில் இருக்கிறார். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு மடிக்கத் தெரியாது.


30-3, செவ்வாய்

சனி, ஞாயிறு, திங்கள் பேச்சு இல்லை. நேற்று பெருநாள். மைதீன் அண்ணாச்சி வீட்டிலிருந்து சேமியாப் பாயசம் வந்தது. சாப்பிட்டார்.

காலையில் கேட்டார்: "பாளைக்கு எத்தனை மணிக்குப் போணும்?"

போன தடவை நான் வெளியே இருந்தேன். இன்று "நீயும் உள்ள வா" என்றார். டாக்டரிடம் அவரே சொன்னார், நான் வாய் திறக்கவில்லை. ஆற்றங்கரையையும் சொன்னார். செருப்பையும் சொன்னார். நான் தாளை எடுத்துப் போட்டதை மட்டும் சொல்லவில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார், பிறகு சொன்னார்: "இது நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். நானும் கேக்கல, நீங்களும் சொல்லல. நிறைய வீட்டுல இப்படித்தான் மாத்திரை நின்னு போகுது."

மருந்து மாற்றம்: மியான்செரின். ராத்திரி ஒன்று. வேறு வழியில் வேலை செய்வது, கீழே தொல்லை குறைவு. தூக்கம் கூடும், பசி கூடும். ரத்தப் பரிசோதனை ஒன்று. வாரம் ஒரு தடவை வர வேண்டும். மறுபடி அந்த எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் உடனே வர வேண்டும்.

நீல மாத்திரை அட்டையைக் காட்டினார். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சா எது வேலை செய்யுதுன்னு தெரியாது. மொதல்ல மனசு நேராவட்டும். பிறகும் தேவைப்பட்டா இருதயம், பிரஷர் எல்லாம் பாத்துட்டு யோசிப்போம். அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல." அட்டையை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் நுங்கு. எனக்கு இரண்டு வாங்கித் தந்தார். அவர் சாப்பிடவில்லை.


7-4, புதன்

தூக்கம், தூக்கம். காலை எட்டு வரை. முகம் வீங்கினாற்போல். ஆனால் விடியுமுன் விழிப்பு நின்றுவிட்டது. மீனாவுக்கு இன்று இங்கிலீஷ் இரண்டாம் தாள். பள்ளிக்கூட வாசல் வரை கூட்டிப் போனார், வெயிலில் நின்று கூட்டி வந்தார்.

மாத்திரையை என் எதிரில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து காட்டுகிறார், சின்னப் பிள்ளை மாதிரி. முதல் நாள் சிரித்தேன். இரண்டாம் நாள் அழுகை வந்தது. "காட்ட வேண்டாம்" என்றேன். "நம்புதியா?" என்றார். "நீங்க என்ன நம்புதியளா?" என்றேன். டம்ளரைக் கழுவி வைத்தார்.

என்மேல் உள்ள வருத்தம் போகவில்லை. போக நாளாகும்.

தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை. லாரித் தண்ணீர்தான்.


19-4, திங்கள்

மைதீன் அண்ணாச்சி சொல்லி, எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஆப்பரேட்டர் வேலை. போன திங்கள் சேர்ந்தார். சொந்தப் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி. முதல் நாள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். சாயங்காலம் கையெல்லாம் கருப்பாக வந்தார். "மெஷின் பழசு. பேரிங் சத்தம் போடுது" என்றார். கிணற்றடியில் அரை மணி நேரம் கை கழுவினார்.

நேற்று ஞாயிறு. மீனா ஊரில் இல்லை, பரீட்சை முடிந்து சித்தி வீடு. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை. "இன்னைக்கு இல்ல போல" என்றார். "சரி" என்றேன். அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார். குறட்டை. மருந்துக் குறட்டை.

எனக்கும் களைப்பு. எத்தனை மாதத்துக் களைப்பு என்று தெரியவில்லை. நானும் தூங்கினேன். பால்காரர் மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.


26-4, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. காலை முதல் கூட்டம். எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு எங்கள் டிஸ்பென்சரியில்தான் மருந்து. பாளை டாக்டர் சீட்டை வைத்து, மியான்செரினுக்கு இண்டென்ட் போட்டு வரவழைத்திருந்தேன். ராத்திரி நானே கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

பதினொன்றரைக்குச் சீட்டுகளைப் புரட்டும்போது நடுவில் அவருடைய பெயர். நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் ஆறாவதாக நிற்கிறார். வேலை உடை, கையில் எண்ணெய்க் கறை. பின்னால் அவருடைய பழைய பட்டறையில் வேலை பார்த்த இரண்டு பேர். முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

ஐந்து பேருக்குக் கொடுத்து முடித்தேன். இனி அந்தச் சீட்டு. பெயரைக் கூப்பிட வேண்டும். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பதினேழு வருஷத்தில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "இந்தாங்க" என்பேன், "மீனா அப்பா" என்பேன். பின்னால் நிற்பவர்கள் பார்க்கிறார்கள்.

"சண்முகம்."

சத்தமாகத்தான் வந்தது. கைக்குழந்தைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவர் முன்னால் வந்தார். மற்ற எல்லாரும் கேட்பது போலவே கேட்டார்.

"எப்ப சாப்பிடணும்?"

"ராத்திரி சாப்பாட்டுக்குப் பெறகு ஒண்ணு. நீங்களா நிறுத்தக் கூடாது."

"இது எதுக்கு உள்ள மாத்திரை அண்ணாச்சி?" என்றான் பின்னால் நின்றவன்.

"மனசுக்குலே" என்றார். பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்தார். என்னைப் பார்த்து, "அதுல உள்ள தாளையும் குடு" என்றார்.

கொடுத்தேன். அங்கேயே கவுண்டரோரம் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசிப் பத்தி வரைக்கும் படித்தார்.

அடுத்த சீட்டு. ராமலட்சுமி. பல்வலி.